நாற்காலிக்கு உச்சவரம்பு

திருத்துறைப்பூண்டி,
3-9-1972

அன்புள்ள பாகீ,

நூர்ஜஹானின் சலாம். பெண்ணின் படிப்புக்காகச் சென்னைக்குப் போன நீயும் அவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றரை வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தஞ்சாவூரில் பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரே விளக்கில் படித்தவர்கள் நாம் என்பதையாவது ஞாபகம் வைத்திருப்பாய். என்னவருக்கு மளிகைக் கடையில் வியாபாரம் சுமார். உங்கள் ஊர் வடகோட்டகத்தில் குறுவை அறுவடை நடக்கிறது. கூலித் தகராறு இந்த வருஷமும் உண்டு. போலீஸ் வேன் ஒன்று உங்கள் களத்துமேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

நலம் விசாரிப்பது இதோடு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

தனியார் பள்ளிகளை நடத்துகிறவர்கள் பள்ளி நிதியிலிருந்து இஷ்டத்துக்குச் சம்பளம் எடுக்கக்கூடாது, அதற்கு உச்சவரம்பு வேண்டும் என்று சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறது. தலைமையாசிரியர் சம்பளத்தில் பாதிக்கு மேல் தாளாளர் எடுக்கக்கூடாதாம். அதைப் பற்றி விசாரிக்க ஒரு குழு தஞ்சாவூருக்கு வருகிறது. எங்கள் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நான் சாட்சி சொல்லப் போகிறேன்.

என்ன சொல்வேன் தெரியுமா? சர்க்கார் எங்களுக்குத் தரும் சம்பளத்துக்கு முழுசாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கட்டட நிதி என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சுவர்கூட எழும்பவில்லை. தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வாங்குவதைவிட எங்கள் தாளாளர் ஒருவர் வாங்கும் சம்பளம் அதிகம். அந்தத் தாளாளர் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று கேட்ட தமிழாசிரியர் தங்கையனை, தாளாளர் போன மாதம் வேலையை விட்டு நீக்கிவிட்டார். தங்கையன் உங்கள் பண்ணையில் நாற்று நட்டவரின் மகன். அந்தத் தெருவிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவர். இப்போது மறுபடியும் மண்வெட்டியோடு வயலில் அண்டை வெட்டப் போகிறார்.

அந்தத் தாளாளர் நீதான், பாகீ. மூன்று வருஷமாக. உன் பெயரைக் குழுவின் முன்னால் சொல்வேன். உனக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் சொல்ல மனம் ஒப்பவில்லை. அதனால் எழுதுகிறேன். என்னைத் தடுக்க முயற்சி செய்யாதே.

உன்,
நூர்


சென்னை,
11-9-1972

அன்புள்ள நூருக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது யாருக்கோ எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது எனக்குத்தான் என்று புரிந்தது.

நான் தாளாளரா? என் மாமனார் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு இவர் தலைவர் என்று தெரியும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை இவர் வழக்கு விஷயமாகச் சென்னை வந்தார். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நான் நம்ம ஸ்கூலுக்குக் கரஸ்பாண்டெண்டாமே?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஆமா. நான் டிரஸ்டுக்குத் தலைவர். தலைவர் சம்பளம் வாங்கப்படாது. நீ பி.ஏ., பி.டி. படிச்சிருக்கே. யாரும் கேள்வி கேக்க முடியாது."

"நான் ஒண்ணுலேயும் கையெழுத்துப் போடலையே?"

"நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? நிலத்துக்கு உச்சவரம்பு போட்டான். மிச்ச நிலத்தையெல்லாம் ஸ்கூல் பேர்ல எழுதினேன். அதுல வர்றது ஆத்துக்கு எப்படித் திரும்பி வரும்? உன் சம்பளமாத்தான் வரும். பொண்ணு கல்யாணத்தை வேறெப்படிப் பண்றதாம்?"

இதுதான் நடந்தது. என் கையெழுத்தை என்னைவிட அவர் அழகாகப் போடுகிறார். கல்லூரியை முடித்தபோது நான் வேலைக்குப் போகவேண்டும் என்று எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். மிராசுதார் வீட்டு மாட்டுப்பெண் வேலைக்குப் போவதாவது என்று முடித்துவிட்டார்கள். இப்போது பார்த்தால் மூன்று வருஷமாக நான் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

தங்கையன் விஷயம் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் நூர், உன்மேலும் எனக்குக் கோபம். நான் அப்படிச் செய்வேன் என்று நீ எப்படி நம்பினாய்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக்கூடாதா?

பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஐப்பசியில் வைத்திருக்கிறோம். குழு முன்னால் என் பெயரை மட்டும் சொல்லாதே. அது முடியட்டும். நான் இவரிடம் பேசி ஏதாவது வழி செய்கிறேன்.

உன்,
பாகீரதி


நாகூர்,
22-9-1972

அன்புள்ள பாகீ,

உன் கடிதம் திருத்துறைப்பூண்டி போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது. நாங்கள் என் அம்மா வீட்டில் இருக்கிறோம். ஏன் என்று கேட்கிறாயா? நீ என்னைத் தற்காலிக வேலைநீக்கம் செய்திருக்கிறாய். போன புதன்கிழமை உன் உத்தரவு வந்தது. உன் கையெழுத்து உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது.

அதற்கு முதல் நாள் பள்ளி மேனேஜர் சாமிதுரை வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார். "டீச்சர், சாட்சி கீட்சின்னு போகாதீங்க. உங்க வீட்டுக்காரரு கடை இருக்கிற கட்டடம் டிரஸ்டோடது. நெனப்பு இருக்கட்டும்."

என்னவர் உள்ளே பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, "சாமிதுரை, கடைய எப்பப் பூட்டப் போறீங்கன்னு சொல்லிடுங்க. அரிசி மூட்டைய மட்டும் வெளிய எடுத்துக்கிறேன். டீச்சர் சாட்சிக்குப் போவாங்க" என்றார். இருபது வருஷ வாழ்க்கையில் அவர் என்னை டீச்சர் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

மறுநாளே பூட்டிவிட்டார்கள். இப்போது என்னவர் அப்துல் மஜீது அவர்கள் நாகூர்க் கடைத்தெருவில் மச்சான் கடையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் நிறுக்கிறார். ரமலான் வருகிறதே, நல்ல வியாபாரம்தான். எங்களுக்காகப் பரிதாபப்படாதே.

உன்னைக் கேட்காமல் உன்னைச் சந்தேகப்பட்டது என் பிசகு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் பெயரைச் சொல்லாதே என்று கேட்டாயே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நிச்சயதார்த்தம் முடிந்தால் கல்யாணம் வரும். கல்யாணம் முடிந்தால் சீமந்தம் வரும். தங்கையன் அதுவரைக்கும் மண்வெட்டி பிடிக்க வேண்டுமா?

வழி செய்கிறேன் என்கிறாய். இவரிடம் பேசுவது ஒரு வழியா, பாகீ? நீ தாளாளர் இல்லையென்றால், இல்லை என்று ஊரறியச் சொல். தாளாளர்தான் என்றால் வந்து அந்த நாற்காலியில் உட்கார். இரண்டில் ஒன்று செய். இரண்டும் இல்லாமல் சென்னையில் உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிசைகிறது என்று எழுதாதே. எனக்கு எரிச்சல் வருகிறது.

நூர்


வடகோட்டகம்,
6-10-1972

அன்புள்ள நூர்,

நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கால் ஆடுகிறது. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேரே பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னேன். தாளாளர் அறையில் சாமிதுரை உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்கம்மா. ஐயா ஊர்ல இல்லியே. மன்னார்குடி போயிருக்காங்க."

"ஐயாவைத் தேடி வரலை. கரஸ்பாண்டெண்ட் யாரு சாமிதுரை?"

மனிதர் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். "நீங்கதாம்மா."

"அப்ப சாவியைக் குடுங்கோ."

கொடுத்துவிட்டார், நூர். அவ்வளவுதான். இதற்காகவா நான் ரயிலில் வழி நெடுக பயந்துகொண்டு வந்தேன் என்று இருந்தது.

தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். இந்த மாதத்திலிருந்து கட்டட நிதி பிடிக்கக்கூடாது, கையெழுத்துப் போடும் தொகை கைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு எழுதினேன். அடுத்தது தங்கையனை மறுபடி சேர்க்கும் உத்தரவு. அதை நானே எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவர் தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. அவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். படித்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நாளைக்கு நீங்க மெட்ராஸ் போயிட்டா இது என்னங்கம்மா ஆவும்?"

"போகமாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் இவர் வந்தார். அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாகீ, ஆத்துக்கு வா. ஊர் சிரிக்கறது."

"நாலரை மணிக்குத்தான் ஸ்கூல் முடியும்."

"உன்னை நான் நீக்க முடியும், தெரியுமோ?"

"தாராளமா. கல்வி அதிகாரி வந்து பழைய உத்தரவுல இருக்கிற கையெழுத்தையும் புதுசுல இருக்கிறதையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும். எது பாகீரதி கையெழுத்துன்னு கேட்டா நான் போட்டுக் காட்டறேன்."

முகம் வெளுத்துவிட்டது. பாவமாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவள் நான். "அப்ப ஆத்துல உனக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் குடியிருப்பு காலியாகக் கிடக்கிறது. பெட்டியை அங்கே வைத்திருக்கிறேன். பெண் சென்னையில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். பையன் வீட்டுக்கு அவளே எழுதிவிட்டாளாம், எங்கள் வீட்டு நிலவரம் இதுதான், இஷ்டமிருந்தால் வாருங்கள் என்று. பதில் இன்னும் இல்லை.

உன் வேலைநீக்கத்தையும் ரத்து செய்துவிட்டேன். உத்தரவை இதோடு வைத்திருக்கிறேன். கடைச் சாவியும் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் கிளம்பி வாருங்கள்.

பாகீரதி


நாகூர்,
20-10-1972

அன்புள்ள பாகீ,

உன் கடிதத்தை என்னவரிடம் வாசித்துக் காட்டினேன். "சாவியைக் குடுங்கோ" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

உடனே வரவில்லை என்று வருத்தப்படாதே. உன் உத்தரவை வாங்கிக்கொண்டு சாட்சிக்குப் போனால், தாளாளரின் சிநேகிதி என்று தள்ளிவிடுவார்கள். நீக்கப்பட்ட ஆசிரியையாகத்தான் போக வேண்டும் என்று இருந்தேன். அப்படியே போனேன்.

தஞ்சாவூரில் கலெக்டர் ஆபீஸ் மாடியில் விசாரணை. ஆளுங்கட்சி இரண்டாக உடைந்து ஊரெல்லாம் ஒரே கலவரம். வல்லத்துப் பக்கம் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். குழுவே வருமோ வராதோ என்று இருந்தது. வந்தது. எனக்கு நோன்பு. கடைநிலை ஊழியர் ஒருவர் டீ நீட்டினார். வேண்டாம் என்றதும் யாரோ ஒருவர், "அம்மா பயத்துல இருக்காங்க போல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது.

பள்ளி நிர்வாகிகள் சார்பில் ஒரு வக்கீல் நன்றாகப் பேசினார். சம்பளத்துக்கு வரம்பு போட்டால் தகுதியுள்ளவர்கள் யார் நிர்வாகத்துக்கு வருவார்கள், பள்ளிகள் இழுத்து மூடப்படும் என்றார். பிறகு என்னைக் கேட்டார்கள்.

நான் சொன்னேன்: "ஐயா, எங்க பள்ளிக்கூடத்தோட கரஸ்பாண்டெண்டுக்கு மூணு வருஷமா தான்தான் கரஸ்பாண்டெண்டுன்னே தெரியாது. அப்பவும் பெல் அடிச்சுச்சு. பிள்ளைங்க பாஸ் பண்ணுச்சு. அவ்வளவு சம்பளம் இல்லாட்டி பள்ளிக்கூடம் நடக்காதுன்னா, இத்தனை நாளா நடந்தது எப்படிங்க?"

கூட்டம் சிரித்தது. குழுத் தலைவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நிலத்தைப் பள்ளி பெயரில் எழுதி, சம்பளமாகத் திரும்ப வாங்கும் வழியையும் சொன்னேன். பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். எந்தெந்த ஊர் மிராசுதார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இப்ப அந்த அம்மா என்ன செய்றாங்க?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நீ வந்ததையும் செய்ததையும் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோனார். "அவங்க சம்பளம்?" என்றார். "அவங்க ஒரு பைசா வாங்க மாட்டாங்க, இலவசமாத்தான் பாக்கப் போறாங்க" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள், பாகீ. மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. சங்கத்தில் எல்லோருக்கும் பெருமை. சம்பளமே வாங்காத தாளாளர் ஒருவர் இருக்கிறார் என்றால், வரம்புக்கு எதிராக எந்த வக்கீல் வாயைத் திறக்க முடியும்? இதை நீ ஓர் அறிக்கையாக எழுதி அனுப்பு. அச்சடித்து ஜில்லா முழுக்கக் கொடுப்போம்.

பெருநாளைக்குப் பிறகு நாங்கள் வருகிறோம். அம்மா சைத்தூன் பீவி தொழுகையில் உனக்காகத் துஆ கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன்,
நூர்


வடகோட்டகம்,
12-11-1972

நூர்ஜஹானுக்கு,

இந்த வருஷம் உன் பெருநாளும் என் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் பள்ளிக்கூடத்தில்தான் கழித்தேன். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினால் கடுமையாக எழுதிவிடுவேன் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டும் பிரயோஜனமில்லை. கடுமையாகத்தான் வருகிறது.

சம்பளம் வாங்க மாட்டேன் என்று நான் உன்னிடம் எப்போது சொன்னேன்?

இவர் என் பெயரில் கையெழுத்துப் போட்டார். நீ என் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டாய். அவர் பெண் கல்யாணத்துக்காகச் செய்தார், நீ சட்டத்துக்காகச் செய்தாய். உன் காரணம் உயர்ந்ததுதான். ஆனால் இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை.

உங்கள் மசோதா வரம்புதானே போடுகிறது? பூஜ்யம் போடவில்லையே? காலையில் எட்டு மணிக்கு அறையைத் திறக்கிறேன். தண்ணீர்ப் பானை நிரம்பியிருக்கிறதா என்பதிலிருந்து, கூரை ஓடு, குத்தகை பாக்கி, கல்வி அதிகாரியின் கடிதம் வரை பார்க்கிறேன். குத்தகைக்காரர்களோடு பேச இவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். போன வாரம் நானே களத்தில் நின்று பேசினேன். அவர்களும் பேசினார்கள். போலீஸ் வேன் இல்லாமலே நெல் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இதற்குச் சம்பளம் கிடையாதா?

இலவசமாகச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேள். யாரும் என்னைத் தாளாளர் என்று சொல்ல மாட்டார்கள். மிராசுதார் பெண்டாட்டி பொழுதுபோகாமல் தர்மம் செய்கிறாள் என்பார்கள். தர்மம் செய்பவளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம். இதைவிட ஒன்று இருக்கிறது. நானே இலவசமாகச் செய்தால், நாளைக்கு இந்த நாற்காலியில் தங்கையன் தெருவிலிருந்து ஒருவர் உட்கார முடியுமா? வீட்டில் நெல் இருக்கிறவன்தான் உட்கார முடியும். மறுபடி இவர்தான் வருவார், கழுத்தில் மாலையோடு.

அதிகமாக எடுப்பவனைத் தடுக்க உங்கள் சட்டம் வரட்டும். முதல் ஆளாக நான் அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் சட்டம் எவ்வளவு வாங்கலாம் என்று சொல்கிறதோ அவ்வளவையும் வாங்குவேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் சம்பளம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, உனக்கும் இல்லை.

அறிக்கை எழுத மாட்டேன். என் பெயரைப் போட்டு வேறு யாரும் எழுதவும் கூடாது. கடையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். கணக்கு வகுப்பு உனக்காகக் காத்திருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

பாகீரதி


நாகூர்,
31-1-1973

அன்புள்ள பாகீ,

இரண்டரை மாதம் பதில் எழுதவில்லை. முதல் மாதம் கோபம். உன்னால் சங்கத்தில் என் தலை குனிந்தது என்று இருந்தேன். என்னவர் மட்டும் ஒருநாள் பழம் நிறுத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒன்னைய டீச்சர்னு சொன்னப்ப நீ சந்தோஷப்பட்டே. சம்பளம் இல்லாத டீச்சர்னு சொல்லியிருந்தா?" அதற்குப் பிறகு அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் குழுத் தலைவருக்கு எழுதினேன். எங்கள் தாளாளர் சம்பளம் வாங்க மாட்டார் என்று நான் சொன்னது அவரைக் கேட்காமல் சொன்னது, அது தவறு, அவர் சட்டப்படி உள்ள சம்பளத்தை வாங்குவார், வாங்கவும் வேண்டும் என்று எழுதினேன். நீ நாற்காலியைப் பற்றிச் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதினேன். இந்த முறை உன் பெயரைப் போடவில்லை. ஒரு தாளாளர் கருத்து என்று மட்டும் சொன்னேன். பத்திரிகைக்கும் ஒரு மறுப்பு அனுப்பினேன். உள்பக்கத்தில் மூலையில் போட்டார்கள். சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு சண்டை. போகட்டும்.

மசோதா நிறைவேறிவிட்டது. ரேடியோவில் கேட்டிருப்பாய். வரம்பு நாம் கேட்டபடி. கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: நிர்வாகி சம்பளம் வாங்கவில்லை என்பதைத் தகுதியாக வைத்து யாரையும் நியமிக்கக்கூடாது. அது யார் சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

உன் வீட்டுக்காரர் மற்ற மிராசுதார்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போகட்டும். நானும் தங்கையனும் சாட்சிக் கூண்டில் ஏறுவோம். நீயும் ஏறுவாய். உன் பெண்ணின் கல்யாணம் தை கடைசியில் பள்ளிக்கூடத்துக் கொட்டகையிலேயே நடக்கப் போகிறது என்று தங்கையன் எழுதியிருந்தார். எல்லாம் தெரிந்தும் சம்மதித்தார்களே, பையன் வீட்டார் பரவாயில்லை. பந்திக்கு அரிசி எங்கள் கடையிலிருந்து. விலை போட்டுத்தான் கொடுப்பார் உன் அப்துல் மஜீது அண்ணன், இலவசம் கிடையாது.

திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு வகுப்பில் இருப்பேன். திங்கட்கிழமை முதல் நீ நிர்வாகம், நான் சங்கம். அதனால் இது உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். இனி மனுதான் வரும். முதல் மனு இப்போதே:

வடகோட்டகம் உயர்நிலைப் பள்ளித் தாளாளர் அவர்களுக்கு. நம் பள்ளியில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை. மாதத்தில் சில நாள் அவர்கள் பள்ளிக்கே வருவதில்லை. கட்டட நிதி என்று இத்தனை வருஷம் பிடித்ததற்கு ஒரு கட்டடமாவது எழும்ப வேண்டும். கோடை விடுமுறைக்குள் கட்டித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தவறினால் ஆசிரியைகள் அனைவரும் தங்கள் அறை வாசலில் உட்காருவோம். எழுந்திருக்கச் சொல்லித் தாங்கள் காபி கொடுத்தாலும் குடிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஏ. நூர்ஜஹான்,
கணித ஆசிரியை